வலிப்பு என்று நான் சொன்னது

டாக்டர் அந்தத் துண்டுச் சீட்டில் ஆங்கிலத்தில் ஒரேயொரு சொல்தான் எழுதியிருந்தார். எழுபதுகளின் தொடக்கம் அது. திருகோணமலையில் ஒரு பிரசவ விடுதியில் நான் தாதியாகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கிண்ணியாவிலிருந்து வந்த இளம்பெண் ஒருத்திக்குப் பிரசவ நேரத்தில் இரத்த அழுத்தம் ஏறி, கைகால் வெட்டி இழுத்தது. தாயும் பிள்ளையும் தப்பினார்கள். வீட்டுக்குப் போகும் நாளில் அவளுடைய கணவர் துண்டை நீட்டி, என்ன வருத்தம் என்று கேட்டார். எனக்கு வேறு வேலை இருந்தது. "வலிப்பு" என்றேன்.

மூன்று கிழமை கழித்து அவளுடைய தாய் தனியே வந்து, விடுதிக்குப் பொறுப்பான தலைமைத் தாதி, நாங்கள் பெரிய மிஸ்ஸி என்று கூப்பிடுபவரிடம் சொன்னார்: "மருமகன் எங்கட ஊட்ட உட்டுட்டு அவர்ர உம்மாக்கிட்டப் போயிட்டார், மிஸ்ஸி. வலிப்புக்காரியோட வாழ ஏலாதாம்."

பெரிய மிஸ்ஸி என்னை ஏசவில்லை. "காக்கை வலிப்பும் இதுவும் ஒண்டோ, பிள்ளை? ஞாயிற்றுக்கிழமை என்னோட கிண்ணியாவுக்கு வெளிக்கிடும்" என்றார். ஆயுள் முழுக்கத் தொடரக்கூடிய நோய்க்கும், கர்ப்பத்தோடு வந்து பேற்றோடு போவதற்கும் எங்கள் பேச்சில் ஒரே சொல்தான் இருந்தது. வேறுபாடு எனக்குப் பாடத்தில் தெரியும். பரீட்சையிலும் எழுதியிருந்தேன். கேட்டவரிடம் சொல்ல மட்டும் தோன்றவில்லை.

பஸ்ஸில் போய், 'பாதை' என்று அங்கே சொல்லும் மிதவையில் துறையைக் கடந்தோம். தாய் வீட்டில் இருந்த அந்தக் கணவர் எங்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டுவிட்டுத் தான் நின்றுகொண்டார். பெரிய மிஸ்ஸி விளக்கியதை முழுக்கக் கேட்டபின் என்னைப் பார்த்தார்.

"இந்த மிஸ்ஸிதானே வலிப்பு எண்டு சொன்னவ?"

"ஓம், நான்தான் சொன்னனான். அரைகுறையாச் சொன்னது என்ர பிழை" என்றேன்.

"அடுத்த பிள்ளைக்கும் வருமா?"

வராது என்று பெரிய மிஸ்ஸி சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அந்த வீட்டைச் சேர்த்து வைக்க அந்தப் பொய் போதும். "வரவும் கூடும், தம்பி. மாதா மாதம் பிரஷர் பார்த்தால் முந்தியே பிடிக்கலாம்" என்றார்.

நான்கு நாள் கழித்து அவர் மனைவியிடம் திரும்பிப் போனாராம்.

டாக்டர் எழுதிய அந்த ஒரு சொல்லை இப்போது கர்ப்பிணிகளின் அட்டைகளில் சூல்வலிப்பு என்று தமிழிலேயே அச்சடிக்கிறார்கள். நல்ல சொல். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது இரண்டு வருடம் கழித்து அந்தக் கணவர் சொன்னதுதான். கர்ப்பிணி மனைவியைக் கிளினிக்குக்குக் கூட்டிவந்தவர், நான் அட்டையை எடுக்குமுன்பே முந்திக்கொண்டார்:

"இவக்கு வலிப்பு நோய் இல்ல, மிஸ்ஸி. போன முறை பிரஷர் ஏறினது. முதல்ல அதைப் பாருங்க."