மகனைத் தேடிக் கொழும்பு பார்த்த கதை

கொழும்பு பார்க்கப் போகிறோம் என்றதும் நான் முதலில் செய்தது சோற்றுப் பானையைக் கழுவி பைக்குள் வைத்ததுதான். எங்கள் ஆட்களுக்கு ஊரை விட்டு வெளிக்கிடுவதென்றால் தலவில அன்னம்மாள் கோயில் திருநாளுக்குப் போகிற மாதிரித்தான் தெரியும். பாய், தலையணை, அரிசி, மிளகாய்த்தூள், தேங்காய் இரண்டு, ஒரு பொட்டலம் கருவாடு. ஓலைக் கொட்டிலில் பத்து நாள் கிடந்து சமைத்துச் சாப்பிட்டுப் பழகிய கை, ஹோட்டல் அறைக்கு என்ன வேண்டுமென்று அதற்கு எங்கே தெரியும்? இத்தாலியில் இருக்கும் மகள் வீடியோவில் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “அம்மா, கருவாட்டோட போனா வாசல்லயே மறிச்சிருவாங்க. ரெண்டு உடுப்பு போதும்.” பானையும் கருவாடும் வீட்டில் நின்றன. பாயை மட்டும் நான் விடவில்லை.

அந்தப் பயணமே மகளின் ஏற்பாடு. கலியாணம் முடித்து முப்பது வருடத்தில் நானும் என் மனுசனும் சேர்ந்து போன தூரம் இந்தப் பக்கம் தலவில, அந்தப் பக்கம் சிலாபம். கொழும்புக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறோம், அதுவும் ஆஸ்பத்திரிக்கு. “மூணு நாள் சுத்திப் பாத்துட்டு வாங்க. அப்பாவ அந்தக் கரையில இருந்து கொஞ்சம் எழுப்புங்க” என்றாள் மகள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

எங்கள் மூத்த பிள்ளை, மகன், மூன்று வருடத்துக்கு முந்தி கடலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. கடலைக் கிளப்பும் கச்சான் காற்று எழும்பத் தொடங்கிய காலம். இவருக்கு அன்றைக்குப் பல்வலி, கன்னம் வீங்கிக் கிடந்தார். “நீங்க படுங்கப்பா, நான் போய் வலைய எடுத்துட்டு வாறன்” என்று அவன் தனியாகப் போனான். மூன்றாம் நாள் வள்ளம் கவிழ்ந்தபடி கரைக்கு வந்தது. கடற்படைக்காரர் தேடினார்கள், ஊர் வள்ளங்கள் எல்லாம் தேடின. ஒரு துணித்துண்டுகூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து இவர் பொழுது முழுக்கக் கரையில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

உடம்பு இல்லை என்றால் அடக்கம் இல்லை. சரி, அடக்கம் வேண்டாம், ஆத்தும இளைப்பாற்றிக்கு ஒரு பூசையாவது ஒப்புக்கொடுப்போம் என்று நான் கேட்டேன். இவர் ஒரே பிடியாக நின்றார். “என்ட புள்ளட பிரேதத்தக் காட்டு, பூசை வைக்கிறன்.” அதற்கு மேல் கதை இல்லை. கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், இவரிடம் ஒரு சம்மதம் வாங்க முடியாது.

எங்கள் வீட்டில் பொழுதுபட்டதும் செபமாலை சொல்லுவோம். முடிவில் ஒவ்வொருவராகப் பேர் சொல்லி மன்றாடுவோம். முதலில் கடலில் நிற்பவர்கள், தூர தேசத்தில் இருப்பவர்கள். பிறகு செத்துப்போன ஆத்துமாக்கள். மகனுடைய பேரை நான் எதில் சேர்ப்பது? இரண்டாவதில் சேர்க்க வாயெடுத்தால் இவர் எழும்பி வெளியே போய்விடுவார். முதலாவதில் சொன்னால் நானே பொய் சொல்லுகிற மாதிரி இருக்கும். இப்படியே மூன்று வருடம் என் பிள்ளையின் பேர் ஒரு செபத்திலும் இல்லாமல் கிடந்தது. எந்தத் தாய்க்கு அது பொறுக்கும்? அந்தப் பூசை ஒன்றைத்தான் நான் அவரிடம் கேட்டுக் கேட்டுச் சண்டை பிடித்தேன். வேறொன்றும் கேட்கவில்லை.

அப்படிப்பட்ட மனிதர், கொழும்புக்குப் போவோமா என்று கேட்டதும் “ஓம்” என்றார். ஒரே சொல். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். எனக்கு அப்போதே மண்டையில் தட்டியிருக்க வேண்டும். நானோ மகிழ்ந்து போய் அவருடைய சட்டைகளை அயன்பெட்டியால் மினுக்கி வைத்தேன். “என்ட பைய நானே அடுக்குறன்” என்றார். அதையும் நல்ல குணம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் யன்னல் பக்கம் தனக்கு வேண்டும் என்றார். பாலாவிச் சந்தியில் லொறிகள் மறித்துக்கொண்டு பஸ் வெகுநேரம் நின்றது. சிலாபத்தில் நின்றது, நீர்கொழும்பில் நின்றது. நின்ற இடமெல்லாம் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார். “சின்னப் புள்ளயா நீங்க? தலைய உள்ளுக்கு எடுங்க” என்று பகிடி பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை.

முதல் நாள் தாமரைக் கோபுரம் பார்க்கப் போனோம். மேலே ஏறினால் கொழும்பு முழுவதும் தெரியும் என்று மகள் சொல்லியிருந்தாள். இவர் அடியிலேயே நின்றுகொண்டு, “நீ போய்ப் பாத்துட்டு வா” என்றார். “ஏன், பயமா?” என்றேன். “மேல போனா மனுசர் எறும்பு மாதிரித் தெரிவாங்க. முகம் தெரியாது” என்றார். நான் தனியாக ஏறினேன். ஏறி என்ன? பக்கத்தில் சொல்லிக் காட்ட ஆளில்லாமல் பார்க்கிற காட்சி ஒரு காட்சியா? கடலை மட்டும் பார்க்காமல் மற்றப் பக்கங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டேன்.

இரண்டாம் நாள் காலை தெஹிவளை மிருகக்காட்சிசாலை. அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. யானைக்கு முன்னால் சனம் நெருக்கிக்கொண்டு நிற்கிறது, என் மனுசன் யானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சனத்தைப் பார்க்கிறார். சிங்கக் கூட்டிலும் அப்படி. குரங்கிலும் அப்படி. ஒவ்வொரு இளந்தாரியையும் தலையிலிருந்து கால்வரை பார்த்து, அடுத்தவனுக்குப் போகிறார். ஒரு பொடியனின் தகப்பன், “மொகத பலன்னே?” என்று சிங்களத்தில் முறைத்தான். என்ன பார்க்கிறாய் என்று கேட்கிறான். நான் மன்னிப்புக் கேட்டு இவரை இழுத்துக்கொண்டு வந்தேன். வழியில் மழை பிடித்து இருவரும் நனைந்துவிட்டோம்.

அறைக்கு வந்து, உடுக்க உலர்ந்த சாரம் ஒன்று எடுத்துக் கொடுப்போம் என்று அவருடைய பையைத் திறந்தேன். சாரத்துக்குக் கீழே மகனுடைய நீலச் சட்டை இருந்தது. அவனுடைய காற்சட்டை. பத்திரிகைத் தாளில் சுற்றி அவனுடைய செருப்பு. சட்டையின் கை மடிப்பைப் பார்த்தேன், கடையில் மடித்து விற்கிற மடிப்பும் தோற்றுவிடும். எனக்குத் தெரியாமல் யாரிடமோ கொடுத்து மினுக்கியிருக்கிறார்.

“இது என்ன?” என்றேன்.

கட்டிலில் உட்கார்ந்து ஈரத் தலையோடு நிலத்தைப் பார்த்தார். “சிலாபத்து மீன் லொறிக்காரன் ஒருத்தன் சொன்னான். துறைமுகத்துப் பக்கம் இவன மாதிரி ஒருத்தனக் கண்டானாம். தூர இருந்துதான் கண்டானாம். தலையில அடிபட்டு எல்லாம் மறந்து போயிருக்கலாந்தானே? பெரிய போட்டுக்காரர் ஆரும் தூக்கியிருக்கலாம். கண்டா உடுக்க உடுப்பு வேணுமே.”

எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது! “மனுசா, உங்களுக்கு என்ன விசரா? நான் ஊர் பாக்க வந்தன் எண்டு நினைச்சுக்கொண்டு நல்ல சேலை உடுத்திக்கொண்டு திரியிறன். நான் அவனப் பெத்தவ! எனக்கு ஏன் ஒரு சொல்லுச் சொல்லாம இருந்தீங்க?”

“சொன்னா நீ விடுவியா?”

விட்டிருக்க மாட்டேன். அது உண்மை. லொறிக்காரன் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பான் என்று அங்கேயே வெட்டிவிட்டிருப்பேன். அந்தச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நான் கேட்டேன், “துறைமுகத்தில எந்தப் பக்கம் கண்டானாம்?”

ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மூன்று வருடம் செத்தவனுக்குப் பூசை கேட்ட வாய் அது. இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கலியாணம் பேசி வந்த நாளில்கூட அப்படிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும் வெளிக்கிட்டோம். அன்றைக்கு நாங்கள் பார்த்த கொழும்பை வேறு எவரும் பார்த்திருக்க மாட்டார்கள். துறைமுக மதிலோரம் நடந்தோம். புகையிரத நிலையத்தில் மூன்று ரயில் வந்து சனம் இறங்கி முடியும் வரைக்கும் வாசலில் நின்றோம். புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர்கள், வண்டில் தள்ளுகிறவர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள். “நீங்க இடப்பக்கம் பாருங்க, வலப்பக்கம் நான் பாக்கிறன்” என்று வேலையைப் பிரித்தேன். “தாடி வளத்திருப்பான், தாடிக்காரர விட்டுராதீங்க” என்றேன். “மெலிஞ்சிருப்பான்” என்றார் அவர். “ஓம், அவனுக்கு ஆர் பாத்துச் சோறு போடுறது” என்றேன். மாதாவே, எவ்வளவு லேசாக அந்தப் பேச்சு வந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே காரியத்தைச் செய்தோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன்.

பின்னேரம் கால் ஓய்ந்து காலிமுகத்திடலுக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை, பட்டம் விடுகிறவர்களும் இறால் வடை தின்கிறவர்களுமாகத் திடல் நிறைந்து கிடந்தது. நான் செருப்பைக் கழற்றிப் புல்லில் உட்காரப் போனேன். இவர் என் தோளைப் பிடித்தார். “அந்தா. நடையப் பார்.”

கடற்கரை ஓரமாக ஒருவன் முதுகைக் காட்டி நடந்து போகிறான். வள்ளத்தில் நின்று பழகிய காலுக்கு ஒரு நடை உண்டு. முழங்கால் கொஞ்சம் மடிந்தே இருக்கும், பாதத்தை அகட்டி, விரலால் நிலத்தைப் பிடித்து வைக்கும். தரை எந்த நேரமும் ஆடும் என்று அந்தக் காலுக்கு நினைப்பு. கொழும்புக்காரன் ஒருவனும் அப்படி நடப்பதில்லை. அதே உயரம், அதே தோள். இவர் ஓடினார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், பட்டக்காரர்களுக்கு நடுவே ஓடினார். நானும் செருப்பை விட்டுவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவனுடைய பேரைச் சொல்லிக் கத்தினேன்.

இவர் போய்த் தோளைப் பிடித்தார். அவன் திரும்பினான்.

வேறு ஆள்.

நல்ல பிள்ளை. கோபிக்கவில்லை. “என்ன ஐயா? மூச்சு வாங்குது, இருங்க” என்று இவரைக் கடலோரச் சுவர்க் கட்டின் மேல் இருத்தினான்.

“ஆளப் பிழையாப் பாத்துட்டன் தம்பி. என்ட மகன் எண்டு நினைச்சன்” என்றார் இவர். “நீ எந்த ஊர்?”

“உடப்பு. முந்திக் கடலுக்குப் போனன், இப்ப இங்க கட்டட வேலை. ஐயாவும் கடல்தானே?”

“எப்பிடித் தெரியும்?”

“ஓடி வந்த ஓட்டத்திலயே தெரியுமே. நம்ம ஆக்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் ஐயா காலெடுத்து வைக்கிறது” என்று சிரித்தான்.

அவன் தண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்கித் தந்துவிட்டுப் போனான். இவர் போத்தலைத் திறக்கவில்லை. வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அந்த நடை அவனுக்கு மட்டும்தான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்” என்றார். “லொறிக்காரனும் அதத்தான் கண்டிருப்பான். தூர இருந்து, கடலுக்குப் போன ஆரோ ஒருத்தன்ட நடைய.”

நான் போத்தலை வாங்கித் திறந்து அவர் கையில் வைத்தேன்.

“நான் போயிருக்க வேணும் அண்டைக்கு. ஒரு பல்லு வலிக்காக அவன அனுப்பிட்டன்” என்றார். அதை அவர் வாயால் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தனை சனத்துக்கு முன்னால் ஏங்கி ஏங்கி அழுதார். அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஊருக்குப் போனதும் ஃபாதரிட்டச் சொல்லு. பூசைய வைப்பம்” என்றார்.

இதைக் கேட்கத்தான் நான் மூன்று வருடம் காத்திருந்தேன். கேட்டதும் ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் கதைத்துக்கொண்டிருக்கும்போதே என் கண் அவருடைய தோளுக்கு மேலால் போகிறவர் வருகிறவர் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஊருக்கு வந்து ஒரு கிழமை நான் ஃபாதரிடம் போகவில்லை. துணி தோய்க்க இருக்கிறது என்றேன், காலில் வீக்கம் என்றேன். சனிக்கிழமை காலை இவர் தானே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, “வா, போவம்” என்றார்.

ஃபாதர் பூசைக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, “என்ன கருத்துக்கு? ஆருக்காக ஒப்புக்கொடுக்கிறது?” என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். மூன்று வருடம் ஆடிய என் நாக்கு அசையவில்லை.

“காணாமப் போனவனுக்கு எண்டு ஒரு பூசை இல்லையா ஃபாதர்?” என்றேன் கடைசியில்.

ஃபாதர் பேனாவை வைத்துவிட்டார். இவர் அந்தப் பேனாவை எடுத்தார். கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, இறந்தவர்கள் என்றிருந்த இடத்தில், எழுத்துக் கூட்டிக் கூட்டி, எங்கள் பிள்ளையின் பேரை எழுதினார். அவர் எழுதி முடிக்கும் வரைக்கும் நான் என் இரண்டு கைகளையும் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடிக்காவிட்டால் அந்தத் தாளைக் கிழித்திருப்பேன்.