லாத்தா கையால் ஒரு வாய்

ஜெமீலா ஆறு வருஷமாக எந்தக் கல்யாணத்திலும் சஹனில் உட்காருவதில்லை. ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் கைபோட்டுச் சாப்பிடுவது காரைக்காலில் அவர்கள் வழக்கம். இவள் மட்டும் முட்டி வலி என்று சொல்லித் தனித் தட்டோடு ஒதுங்கிவிடுவாள்.

தங்கச்சி நஸீஹாவுக்கு இறால் ஆகாது. சின்ன வயதில் தின்றபோது உடம்பு தடித்தது, மறுநாள் அடங்கியது. அவ்வளவுதானே என்றிருந்தார்கள். ஒரு தடவை தடிப்போடு போனது மறுதடவையும் விட்டுவைக்கும் என்று யார் சொன்னது?

ஆறு வருஷத்துக்கு முந்தி ஒரு கல்யாண விருந்தன்று அடுக்களையில் இறால் வறுவலுக்கு உப்புப் பார்த்த ஜெமீலா, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு சஹனுக்கு வந்தாள். நல்ல கறித்துண்டாகப் பிய்த்துத் தங்கச்சிக்கு ஊட்டினாள். பத்தே நிமிஷம். உதடு வீங்கியது, குரல் கம்மியது. "லாத்தா, தொண்டைய அடைக்குது" என்றாள் நஸீஹா அக்காவைப் பார்த்து. கண்ணூறு என்று ஓதின தண்ணீரைக் கொடுத்தார்கள் பெண்கள்.

மூச்சுக்குழாய் அடைத்து ரத்த அழுத்தமும் விழுந்துவிட்டது என்றார் டாக்டர். தொடையில் போடும் ஊசியை உடனே போட்டிருந்தால் பிழைத்திருக்கலாமாம்.

"என்ன சாப்பிட்டாங்க?"

"கறிச்சோறுதாங்க. இறாலத் தொடவே இல்ல" என்றாள் ஜெமீலா.

சோற்றுக் கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள், வீட்டுக்கு வந்து கழுவும்போதுதான் நகக்கண்ணில் காய்ந்திருந்த இறால் மசாலாவைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

இன்றும் சொந்தக்காரர்கள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்கள்: "கடைசியா உன் கையாலதானே ஒரு வாய் வாங்குனா. அந்தக் கொடுப்பினை யாருக்குக் கிடைக்கும்?"