ஓடுகிறவர்களுக்கு ஐஸ் வாங்கும் வேலை

கல்லூரி விளையாட்டுப் போட்டிக்கு எத்தனை நாற்காலி போட்டாலும் கடைசியில் இரண்டு குறையும் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. வெயிலில் கூடாரம் கட்டி, மைக் சோதித்து, தண்ணீர்ப் பெட்டி தூக்கிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நான் சொல்லப்போவதைக் கேட்டு நிச்சயம் தலையாட்டுவீர்கள்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஜொகூர் பாருவில் ஒரு தனியார் கல்லூரியின் விளையாட்டுப் பிரிவில் உதவியாளர் வேலை கிடைத்தது. மூன்று மாதம் சோதனைக் காலம். ஆண்டுப் போட்டி முடிந்ததும் என்னை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று பிரிவுத் தலைவி மோனிகா மேடம் சொல்வார். அதற்குள் சிம்பாங் ரெங்கத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டும் அப்பா, மகளுக்கு நிரந்தர வேலை என்று தினமும் தேநீர் குடிக்கும் ஒட்டுக்கடையில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார். அந்த மூன்று மாதமும் நான் சரியாகத் தூங்காததற்குக் காரணம் அதுதான்.

எறும்பு வைத்தியம்

முதல் வாரமே கால்பந்து. ஐஸ் வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கி வந்து, ஆட்டக்காரர்கள் சில்லென்று குடிக்கட்டும் என்று மொத்தத்தையும் பானப் பெட்டிகளில் கொட்டினேன். அடிபடுகிறவர்களுக்காக ஒரு பை தனியாக வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. பாதி ஆட்டத்தில் பிரகாஷ் என்ற மாணவன் கணுக்கால் பிசகி விழுந்தான். பெட்டியைத் திறந்தால் எல்லாம் தண்ணீர்.

வாசலில் கரும்புத் தண்ணி விற்கும் மலாய்க்காரரிடம் ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் வாளியிலிருந்த ஐஸ் முழுவதையும் பையில் அள்ளிக் கொடுத்தார். காசை நீட்டினால் கையை ஆட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவர் யாருக்கு என்னத்தை விற்றாரோ, இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன். பிரகாஷுக்கு வீக்கம் குறைந்தது. ஆனால் அந்த ஐஸ் கரும்புச் சாற்றில் ஊறியது என்பதைப் புல்தரை எறும்புகள்தான் முதலில் கண்டுபிடித்தன. மேடம் பக்கத்தில் நிற்க, அவன் நொண்டிக்கொண்டே வந்து கேட்டான்: “அக்கா, சுளுக்கு பரவால்ல. எறும்புக் கடிக்கு ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?”

முதலிடம்

ஆண்டுப் போட்டிக்கு முதல் நாள் பரிசளிப்பு ஒத்திகை. டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் வருகிறார் என்றால், அவர் எங்கே நடப்பார், எந்தக் கையால் பதக்கத்தை எடுப்பார் என்பதுவரை முன்கூட்டியே நடித்துப் பார்த்துவிடுவோம். சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் செல்வம் அண்ணன்தான் டத்தோ. நான் முதலிடம் பெற்ற வீராங்கனை. பதக்கம் வந்து சேராததால் ஒட்டும் டேப் உருளையை ராஃபியா கயிற்றில் கட்டி என் கழுத்தில் மாட்டினார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு கை குலுக்கினார்.

பள்ளியில் சாக்கு ஓட்டத்தில்கூட ஜெயிக்காதவள் நான். வெற்றிக் கட்டையில் ஏறியதும் நடுக்கம் எடுத்தது. நடுங்குவது என் காலா, கட்டையா என்று ஒரு சந்தேகம். கட்டைதான் ஆடுகிறது என்று மெதுவாகச் சொன்னேன். அண்ணன் குனிந்து அசைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் ஆணி கழன்றிருந்தது. சுத்தியலைத் தேடிக்கொண்டே சொன்னார்: “இத்தன வருஷத்துல எவ்வளவோ பேரு இதுல ஏறி நின்னாங்க, ஒருத்தரும் ஆடுதுன்னு சொன்னதில்ல. ஜெயிச்சும் பயப்படுற மொத ஆளு நீதான் லா.”

அழைப்பு

மறுநாள் ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஓட்டக்காரர்களை மைக்கில் கூப்பிட்டுக் கூடாரத்தில் சேர்ப்பது என் பொறுப்பு. கால் மணி நேரம் முன்னால் கூப்பிட்டால் போதும். யாராவது வராமல் போனால் என்ன செய்வது என்ற பயத்தில் நான் ஒரு மணி நேரம் முன்னாலேயே கூப்பிட்டேன். மதியத்துக்குள் கடைசிப் பந்தயமான தொடர் ஓட்டத்தின் எல்லா அணிகளும் என் கூடாரத்தில் மல்லாந்து கிடந்தன. பொந்தியான் கல்லூரி அணியோடு வந்திருந்த பயிற்சியாளர், பிள்ளைகளைக் காயப்போடுகிறாள் என்று மேடத்திடம் புகார் சொன்னார். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்பா செய்தி பரப்பிய ஒட்டுக்கடை என் கண்ணில் தெரிந்தது.

திடீரென்று வானம் கறுத்தது. இடி இடித்தால் போட்டியை நிறுத்தியாக வேண்டும். தொடர் ஓட்டம் நடக்காவிட்டால் சுழற்கிண்ணம் யாருக்கும் இல்லை. உடனே ஓட்டத்தை ஆரம்பிக்க முடியுமா என்று நடுவர் கேட்டார். வழக்கமாக அணிகளைத் தேடிப் பிடிக்கவே அரை மணி நேரம் ஆகும். அன்று எழுப்பிவிட வேண்டியதுதான் பாக்கி. கடைசி அணி கோட்டைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் முதல் இடி விழுந்தது. கிண்ணத்தை வென்றது பொந்தியான்காரர்கள். அந்தப் பயிற்சியாளர் கூடாரத்தைத் தேடி வந்து எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

மழையில் கூடாரத் துணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றபோது மேடம் சொன்னார்: “திங்கக்கிழமையிலேர்ந்து நீ நிரந்தரம்மா. ஆனா எட்டு மணி வேலைக்கு ஆறரைக்கே வந்து வாசக்கேட்டு முன்னால நிக்காத, காவலுக்கு இருக்குற ஜாகா எங்கிட்ட சண்டைக்கு வர்றாரு.”

ஓர் அடிகூட ஓடாமல் தினமும் மூச்சு வாங்குகிற இந்த வேலையை எனக்குக் கொடுத்தவர்கள், கூட நின்றவர்கள் எல்லாருக்கும், மூச்சு வாங்கியபடியே, நன்றி.