சைலஸின் டோக்கனும் சஞ்சே ஹோம்ஸ் ஷேரும்

லூயிசாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். மைன்ஸ் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். கிழவர்களுக்குப் பெட்பேன் வைத்து, முதுகு துடைத்து, புரட்டிப் படுக்க வைத்தே காய்த்துப்போன கை அது. பாறைத்தூசு நெஞ்சில் கட்டிக்கொண்ட சுரங்கக்காரனின் சாவு எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. துணைக்கு ஆள் இருக்கிறவன் யார் மேலாவது சாய்ந்து உட்கார்ந்தபடி போவான். இல்லாதவன் மல்லாந்து கிடந்து, மூச்சுக்குத் தவித்து, முதுகெல்லாம் புண்ணாகிப் போவான். அவள் அங்கே கண்ட வித்தியாசம் அவ்வளவுதான்.

அதனால்தான் சுரங்கத்தில் இறங்குகிற புருஷன் சைலஸ் இருமத் தொடங்கியதும் அவள் அவனுடைய கடைசி நாளைக் கணக்குப் போட ஆரம்பித்தாள். பிள்ளை குட்டி கிடையாது. குடியிருப்பது மைன்ஸ் கம்பெனியின் லைன் வீடு, கம்பெனி போனால் அதுவும் போகும் என்று ஊரெல்லாம் பேச்சு. அவளுக்கும் முட்டி தேய்ந்துவிட்டது. ஆறடி ஆளை இன்னும் எத்தனை காலம் தூக்கிப் புரட்ட முடியும்? சைலஸுக்குக் கடைசியில் ஒரு நல்ல கட்டில், பக்கத்தில் ஒரு நர்ஸ். அவள் ஆசைப்பட்டது இதற்குத்தான், மாட மாளிகைக்கு இல்லை.

தொண்ணூற்று ஐந்தில் சைலஸ் வி.ஆர்.எஸ். என்று விருப்ப ஓய்வுப் பணம் வாங்கிக்கொண்டு வீட்டோடு வந்தான். கொஞ்ச நாளில் கிளாரன்ஸ் தேடி வந்தார்.

கிளாரன்ஸ் யார் என்று சொல்லிவிட வேண்டும். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலில் அவர் டோக்கன் கிளார்க். கீழே இறங்குகிற ஒவ்வொருவனும் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை அவரிடம் வாங்கிக்கொண்டுதான் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறுவான். மேலே வந்ததும் திருப்பிக் கொடுப்பான், அவர் அதைப் போர்டில் அவனவன் ஆணியில் மாட்டுவார். ஷிஃப்ட் முடிந்தும் ஒரு ஆணி காலியாக இருந்தால் ஒருத்தன் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். ஒரு தடவை சைலஸின் ஆணி காலியாக இருந்தது. அவன் எப்பவோ வீட்டுக்குப் போயிருப்பான் என்று மேஸ்திரி சொன்னான். "டோக்கன் வரலன்னா ஆள் வரல" என்று ஒற்றைக் காலில் நின்று கேஜைத் திரும்ப இறக்க வைத்தவர் கிளாரன்ஸ். கல் சரிந்து கால் மாட்டிக் கிடந்த சைலஸை உயிரோடு தூக்கி வந்தார்கள். அன்றிலிருந்து லூயிசாவுக்கு ஏசப்பாவுக்கு அடுத்தபடி கிளாரன்ஸ் அண்ணன்தான்.

அந்த அண்ணனும் அதே வருஷம் வேலையை விட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கட்டைக்குரலில் பாட்டு, மற்ற நாளில் கைப்பையும் ஷேர் வியாபாரமும். பெங்களூரில் சஞ்சே ஹோம்ஸ் என்று புதுக் கம்பெனி. சஞ்சே என்றால் கன்னடத்தில் சாயங்காலம். வயசானவர்களுக்கென்றே வீடு, தோட்டம், டாக்டர், நர்ஸ், எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் கட்டப்போகிறார்களாம்.

"பெத்த பசங்க துபாய், அமெரிக்கான்னு போய்கினே கீறாங்க தங்கச்சி. கிழடுங்க குறையப் போறதில்ல. இந்தத் தொழில் படுக்கவே படுக்காது. நானும் என் பணத்தப் போட்டுக்கீறேன். ஷேர் விலை ஏறும், அது ஒரு பக்கம். ஷேர் வச்சிக்கீறவங்களுக்கு ரூம்ல முதல் உரிமை, அது இன்னொரு பக்கம்."

லூயிசா ஒன்றும் வாய் பொத்திக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. "எத்தினி பேருக்கு ஒரு நர்சு? ஆக்ஸிஜன் கீதா? நைட் டியூட்டிக்கு யாரு?" என்று ஆஸ்பத்திரிக்காரி கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாள். நிலம் யார் பேரில் இருக்கிறது, முதலாளி யார் என்று கேட்கத்தான் தோன்றவில்லை. வீடு, தண்ணீர், கரண்ட், மருந்து என்று எல்லாம் கம்பெனி கொடுத்தே வளர்ந்த ஜனம். கம்பெனி என்றால் கொடுக்கும் என்றுதான் அவர்களுக்குத் தெரியும், வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடும் என்று தெரியாது.

வி.ஆர்.எஸ். பணம் முழுசும் ஷேர் பத்திரமாக மாறி வீட்டுக்கு வந்தது. "உங்க பேரு போட்டுக்கீது பாருங்க. டோக்கன் மாதிரி இதை வச்சிக்குங்க, உங்களை வுட்டுட்டு யாரும் போக முடியாது" என்றார் கிளாரன்ஸ். கடைசி ஷிஃப்டில் ஞாபகத்துக்கென்று சைலஸ் கிளாரன்ஸிடம் சொல்லிவிட்டுத் திருப்பாமல் கொண்டுவந்த பித்தளை டோக்கன் டிரங்குப் பெட்டியில் இருந்தது. லூயிசா அதன் பக்கத்திலேயே பத்திரத்தை வைத்தாள்.

முதலில் விலை ஏறத்தான் ஏறியது. சைலஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரில் ஷேர் பக்கத்தைத் தடவித் தடவிப் பார்ப்பான். "ஏறினா நமக்கின்னா? நீ இன்னா விக்கவா போற? எனக்குக் கட்டில்தான் வேணும்" என்பாள் அவள்.

அடுத்த வருஷம் கிளாரன்ஸ் மகள் சோனியாவுக்குக் கல்யாணம். அப்படி ஒரு கல்யாணத்தை அவர்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் லைனில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. பிரியாணிக்கு மூட்டை மூட்டையாய் வெங்காயம் உரித்தவள் லூயிசா. கண் எரிந்தாலும் முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்து உரித்தாள், அண்ணன் வீட்டு விசேஷம் அல்லவா.

அப்புறம் விலை இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது. கேட்டால் "சந்தைன்னா அப்பிடித்தான், பொறுமை வேணும் தங்கச்சி" என்றார் கிளாரன்ஸ். ஒரு நாள் பேப்பரில் அந்தப் பெயரே இல்லை.

லூயிசா காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூர் போனாள். ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. விடாமல் வீடு கட்டுவதாகச் சொன்ன இடத்துக்கு பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தாள். அங்கே ராகிப் பயிர் நின்றது. களை பறித்துக்கொண்டிருந்த பார்வதம்மா என்பவளின் நிலமாம் அது. "யாரோ வந்து போர்டு நட்டாங்க, போட்டோ புடிச்சாங்க, போயிட்டாங்கம்மா" என்றாள் அந்த அம்மாள்.

திரும்பி வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கிளாரன்ஸ் வீட்டுக்குப் போய் நடுக்கூடத்தில் அவர் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அண்ணனும் ஏமாந்திருப்பாரே, அவர் பாடு என்ன என்ற கவலையும் அந்த அழுகையில் சேர்ந்திருந்தது, பாவி மகள். அவளைத் தேற்ற வந்த கிளாரன்ஸ் மனைவி ஜெனிட்டா முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அழாதம்மா. ஏதோ கர்த்தர் புண்ணியம், இவரு நல்ல விலைக்கு இருக்கும்போதே தன் ஷேர் எல்லாத்தையும் வித்துட்டாரு. இல்லன்னா சோனியா கல்யாணம் ஏது?"

லூயிசாவின் அழுகை பட்டென்று நின்றது.

"கம்பெனி ஆடுதுன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமாண்ணா?"

கிளாரன்ஸ் சுவரைப் பார்த்தார். "காதுல விழுந்துச்சி."

"எங்க கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா நம்ம ஜனம் மொத்தமும் ஒரே நாள்ல விக்க ஓடும். விலை படுத்துடும். அப்புறம் என்னுதையும் எவன் வாங்குவான்? பொண்ணு கல்யாணம் நின்னுகினு இருந்துச்சி தங்கச்சி."

ஊரையே வாயால் கிழிக்கிறவள் எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவள் உரித்த வெங்காயம் தங்கள் கட்டிலுக்கு வைத்த உலை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சைலஸ் அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் இருந்தான். கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். லூயிசா தன்னால் ஆனமட்டும் புரட்டினாள். முட்டி மடங்கி அவன் மேலேயே விழுந்த நாளும் உண்டு. மற்றவர்கள் முதுகில் பார்த்த புண்ணை எல்லாம் புருஷன் முதுகிலும் பார்த்தாள். மல்லாந்து கிடந்து, மூச்சுக்குத் தவித்துத்தான் அவன் போனான்.

இரண்டாயிரத்து ஒன்று, மைன்ஸை இழுத்து மூடின சமயம். கல்லறையில் சைலஸின் குழிக்குப் பக்கத்தில் நின்று கிளாரன்ஸ் கட்டைக்குரலில் பாடினார். நன்றாகவே பாடினார். பாட்டு முடிந்து எல்லாரும் மண் போட வரும்போது லூயிசா நொண்டி நொண்டி அவரிடம் போனாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பித்தளை டோக்கனை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தானே மடக்கி மூடினாள்.

"எண்ணிப் பார்த்து மாட்டிக்குங்கண்ணா," என்றாள். "டோக்கன் மட்டும்தான் வந்துக்கீது. ஆள் வரல."