நிற்கத் தெரிந்த மோட்டார்

ஜெபகனி ஒரு ரப்பர் மரக் கட்டையை இரண்டு கையாலும் தூக்கி, ஓடிக்கொண்டிருக்கும் செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே திணிக்கிறாள். கடகடவென்று சத்தம் எழுகிறது. செயின் அப்படியே நின்றுவிடுகிறது. “ம், நிக்குது,” என்கிறாள், பிள்ளை பரீட்சையில் தேறிவிட்டதைப் போல. சுவிட்சை அணைத்து, கட்டையை உருவி, பல் பதிந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சுவரில் சாத்துகிறாள். மற்ற மில்களில் ஜெபம் சொல்லி வேலையைத் தொடங்குவார்கள். இங்கேயும் ஜெபம் உண்டு, ஆனால் கட்டைக்கு அப்புறம்தான்.

கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் தும்பு மில் அது. தேங்காய் உரித்த மட்டையான கதம்பையை ஊறப்போட்டு, கன்வேயரில் ஏற்றி, மேலே இருக்கும் இயந்திரத்துக்குள் தள்ளினால் நாராக வந்து விழும். ஜெபகனிக்கும் அவள் தம்பி ராஜையனுக்கும் ஆளுக்குப் பாதிப் பங்கு. ஐம்பதைத் தாண்டிய பொம்பிளை, சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு திரிவாள். சபையில் பாட்டுப் பாடினால் மைக் தேவைப்படாது. மற்ற பெண்கள் இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகுவார்கள் என்றால் இவள் செருகியிருப்பது ஒரு ஸ்பானர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அது கைப்பைக்குள் கூடவே போகும். அந்த மில்லில் அது ஒரே ஒரு நட்டுக்குத்தான் பொருந்தும். அந்த நட்டை யாரும் தொடக்கூடாது என்பதுதான் அவளுடைய சட்டம்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் வேளாங்கண்ணியின் வலது கையைப் பார்க்க வேண்டும். கடற்கரையிலிருந்து பஸ் ஏறி வந்து கன்வேயரில் கதம்பை அள்ளிப்போடுகிறவள் அவள். போன வருஷ மழையில், மணிக்கட்டில் சுற்றியிருந்த தோர்த்துத் துண்டைச் செயின் கவ்வியது. தோர்த்தோடு கையும் முழங்கை வரை உள்ளே போனது. அப்போது இருந்தது ஒரு கிழட்டு மோட்டார். ஈரக் கதம்பை கொஞ்சம் கூடினாலே மூச்சு முட்டி நின்றுவிடும். அன்றைக்கும் நின்றது. கை தப்பியது, செயினின் பல் மட்டும் வரிசையாகத் தோலில் பதிந்துவிட்டது. மில்லே அந்த மோட்டாரை “சவம்” என்றுதான் திட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையிலிருந்து ஜெபகனி கட்டை திணிக்க ஆரம்பித்தாள்.

இந்த வருஷம் அந்தச் சவம் உண்மையிலேயே செத்தது. உள்ளே சுற்றியிருந்த செப்புக் கம்பி கருகி நாற்றம் எடுத்தது. அஞ்சுகிராமத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஜெபகனி போன சமயம் பார்த்து, மூடிப்போன கல் கிரஷரில் கிடந்த மோட்டார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து ராஜையன் மாட்டிவிட்டான். ஏழரை ஹெச்.பி.! ஆட்டுக்குட்டியைக் கட்ட யானைச் சங்கிலி! வளைகுடாவில் இருபது வருஷம் பெரிய பெரிய இயந்திரங்களைப் பார்த்து வந்தவன், அவனுக்குப் பெரியது என்றால் நல்லது.

திங்கட்கிழமை காலையில் ஜெபகனி வழக்கம்போலக் கட்டையைத் திணித்தாள். செயின் நிற்கவில்லை. கட்டையைக் கவ்வி, நொறுக்கி, பிளந்து அந்தப் பக்கம் துப்பிவிட்டு ஓடிக்கொண்டே இருந்தது. மோட்டாரின் சத்தம்கூட மாறவில்லை.

“பாத்தியாக்கா சக்திய!” ராஜையன் தொடையைத் தட்டினான். “இனி ஒரு மழையும் நம்மள நிப்பாட்டாது.”

ஜெபகனி குனிந்தாள். பிளந்த கட்டைகளில் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வேளாங்கண்ணியிடம் போனாள். “கைய நீட்டு பிள்ளே.” நீட்டினாள். கட்டையை அந்தக் கையோடு சேர்த்து வைத்துப் பிடித்தாள். ஏறக்குறைய ஒரே தடிமன். மில்லில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள், ராஜையனும் பார்த்தான். பிறகு ஜெபகனி போர்டைத் திறந்து ஃபியூஸ்களைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.  ராஜையன் குறுக்கே வந்து நின்றான்.

“மில்ல பூட்டீட்டு என்னத்த செய்யப்போற? அவுங்கவுங்க கைய ஒழுங்கா வச்சு வேல செய்யணும்!”

“கையி ஒழுங்காத்தான்லே இருக்கும். தோர்த்து ஒழுங்கா இருக்குமா? மழை ஒழுங்கா இருக்குமா? உறக்கம் கண்ணுல வரும்ப சொல்லீட்டா வரும்?”

மில் பூட்டிக் கிடந்தது. லாரிக்காரர்கள் போனில் கத்தினார்கள். ஜெபகனி காதில் வாங்கவில்லை. வேளாங்கண்ணியின் வீட்டுக்காரரிடம் சொல்லி, துறைமுகத்தில் பெரிய சூரை மீன்களைத் தொங்கவிட்டு நிறுக்கும் முள் தராசை இரவல் வாங்கிவரச் செய்தாள். மோட்டாரைக் கழற்றிவிட்டு, குளத்திலிருந்து நேரே எடுத்த கதம்பையைக் கன்வேயர் நிறைய அடுக்கி, தராசின் கொக்கியைச் செயினில் மாட்டி எல்லோரையும் இழுக்கச் சொன்னாள். அசைய ஆரம்பிக்கும்போது முள் எகிறியது, அசைந்த பிறகு இறங்கியது. “ஓடதுக்கு இவ்வளவு போதும். எழும்பதுக்குத்தான் சீவன் கூட வேணும், நம்மள மாதிரி,” என்று சொல்லிச் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

நாகர்கோவில் கடையில் சுஜி என்று ஒரு பெண், இன்ஜினியரிங் படித்தவள், “எத்தன ஹெச்.பி. வேணும்?” என்று கேட்டாள்.

“அத நீ சொல்லு மக்கா. எவ்வளவு இழுக்கணும்னு நான் சொல்லுதேன். எப்ப நிக்கணும்னும் சொல்லுதேன்.”

இரண்டாவது கேள்வியோடு யாரும் அந்தக் கடைக்கு வந்ததில்லை போலும். சுஜி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டாள். செயினின் வேகம் ஆள் நடக்கும் வேகத்தில் பாதிகூட இல்லை. கியர் வைத்து வேகத்தைக் குறைத்தால் இழுவை தானாகக் கூடும். அதனால் இரண்டு ஹெச்.பி. தாராளம். நடுவே ஒரு கிளட்ச் போட்டால், அளவுக்கு மேல் இறுகும்போது அது வழுக்கிக்கொடுத்துச் செயினை நிறுத்திவிடும். எந்த அளவில் வழுக்க வேண்டும் என்பதை ஒரு நட்டு தீர்மானிக்கும். “நட்ட முறுக்குனா நிக்காது, பாத்துக்கிடுங்க,” என்றாள். ஸ்பானர் இடுப்புக்கு ஏறியது அன்றைக்குத்தான்.

“ரெண்டா? வீட்டுக் கெணத்துல தண்ணி எடுக்கதுக்கா?” என்றான் ராஜையன். “இத மாட்டுனா எனக்க பங்கப் பிரிச்சுத் தா.”

“பிரி. கன்வேயர் எனக்க பங்குல வரட்டு.”

இன்றுவரை பிரிக்கவில்லை. இரண்டு ஹெச்.பி. ஓடிக்கொண்டிருக்கிறது. நல்ல வெயிலில் ஒரு குறையும் இல்லை. மழைக் காலத்தில் கதம்பை சொருகி நிற்கத்தான் செய்கிறது. நின்றால் எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். ஜெபகனி மட்டும் அசையமாட்டாள். “நிக்கட்டு. நிக்கதுக்குத்தான் வாங்குனது,” என்று சொல்லிக்கொண்டே சுவிட்சை அணைத்துவிட்டுக் குனிந்து, சொருகிய கதம்பையை உருவுவாள். ஆர்டர் போகிறது, பக்கத்து மில்காரன் சிரிக்கிறான் என்று தம்பி அடுக்கினால், “சிரிக்கட்டு, பல்லு நல்லா இருக்கவன் சிரிக்கான்,” என்பாள்.

போன வாரம் கொட்டும் மழை. லாரி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. செயின் மறுபடியும் நின்றது. ராஜையன் பொறுமை இழந்து ஓடிவந்தான்.

“எக்கா, அந்த நட்டுக்கு ஒரு கால் முறுக்கு. ஒரே ஒரு கால் முறுக்கு முறுக்குனா போதும், இந்த லோடு ஏறீரும். பொறவு வேணும்னா தளத்திக்கோ.”

கதம்பை அள்ளிய கையோடு வேளாங்கண்ணி நின்றுவிட்டாள். ஜெபகனி தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். இடுப்பிலிருந்து ஸ்பானரை உருவி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“முறுக்கு மக்கா. கால் முறுக்கு என்ன, உனக்கு இஷ்டம் உள்ள மட்டும் முறுக்கு. ஆனா முறுக்கீட்டு சோதிச்சுப் பாக்கணும்லா? இண்ணைக்குக் கட்டை வேண்டாம். உனக்க கைய வையி.”

வெளியே ஹாரன் விடாமல் அலறியது. ராஜையன் குனிந்து ஸ்பானரை நட்டில் பொருத்தினான்.  பிறகு அதை உருவி கியர்பாக்ஸின் மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தான். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.