காந்தம் கேட்டு வந்தவர்

எங்கள் வகுப்பு வாசலில் கால்மிதி கிடையாது. ஆனாலும் என் மாணவி ஒருத்தியின் அப்பா உள்ளே வருமுன் இரண்டு பாதங்களையும் வெறும் சிமெந்தில் தேய்த்துக்கொள்வார். ஒடுங்கிய முகம், பொத்தான் போன பச்சை ஜேர்சி. மகள் மறந்துவிட்டுப்போன சாப்பாட்டைக் கொண்டுவரும் நாட்களிலும் அப்படித்தான்.

மழையில் மலை மண் சரிந்து, தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையை மூடியது. தேடியவர்கள் மகளைக் கண்டுபிடிக்காமலே திரும்பிவிட்டார்கள். பள்ளிக்கூடம் மறுபடி திறந்த வாரம் ஆறாம் வகுப்பில் காந்தப் பாடம். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பிள்ளைகள் ஆணி, கரண்டி, ஒருத்தியின் வெள்ளி மோதிரம் என்று ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தார்கள். அவர் பாதங்களைத் தேய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

“சேர், அந்தக் காந்தத்தக் கொஞ்சம் தருவீங்களா? மண்ணுக்குள்ள இருக்கிறத இழுக்குந்தானே?”

“என்னத்தத் தேடுறீங்க?”

“மக கால்ல கொலுசு போட்டிருந்தா. வெள்ளிங்க. அது ஒட்டுனா புள்ள கெடச்சிருவா.”

மோதிரம் ஒட்டாததை அப்போதுதான் பார்த்திருந்தோம். வகுப்பு முழுவதற்கும் விடை தெரியும். நான் காந்தத்தைக் கொடுத்தேன்.

மறுநாள் காந்தத்தோடு ஒரு துணி முடிச்சையும் கொண்டுவந்தார். உள்ளே துருப்பிடித்த கூரை ஆணிகள்.

“இதுதாங்க ஒட்டுச்சு. எங்க வீட்டு ஆணி. பாடத்துக்கு ஆகுமே.”

அந்தப் பாடம் முடிந்து நாளாகிறது. மழை விட்டால் வாசலில் பாதங்கள் தேயும் சத்தம் கேட்கிறது. வெள்ளி ஒட்டாது என்று இன்றாவது சொல்லிவிட நினைத்துக்கொண்டே காந்தத்தை எடுத்து நீட்டுகிறேன்.