பதினோரு கைபேசிகளுக்காக வாதாடியவர்

எங்கள் மனுவை அழைத்தபோது வழக்கறிஞர் ஜமீலா பேகம் வந்துவிடுவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தவர் வேறொரு வழக்கறிஞர். மனுதாரரின் வழக்கறிஞர் இன்று விடியற்காலை மாரடைப்பில் காலமாகிவிட்டார், வாய்தா வேண்டும் என்றார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு வழக்கை இரண்டு வாரம் தள்ளி வைத்தார். கைபேசி இல்லாமல் முதல் பேருந்தில் கும்பகோணம் கிளம்பி வந்தவனுக்குச் செய்தி கிடைத்தது இப்படித்தான். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இந்த இரண்டு வாரத்துக்குள் எங்கள் கைபேசிகளைக் குடைந்து பார்த்துவிடுவார்களே என்ற பயம்தான் வந்தது. வக்கீலம்மா என்னை மன்னிக்க வேண்டும்.

அவரோடு பழகிய உங்களில் பலருக்கு இந்த வழக்கு தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் எங்கள் வயல்களில் எரிவாயுக் குழாய் பதிக்க இயந்திரம் வந்தது. வரப்பில் நின்று மறித்தோம். தலைக்கு மேலே ட்ரோன் ஒன்று சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தது. பதினோரு பேரைப் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். கைபேசிகளை வாங்கிக்கொண்ட காவலர், அவரவர் கைபேசியை அவரவர் முன்னால் நீட்டி விரலை வைக்கச் சொன்னார். ரேஷன் கடையில் மாதாமாதம் வைத்துப் பழகிய விரல். அரிசி வாங்குகிற மாதிரியே வைத்துவிட்டோம். முதலில் வைத்தவன் நான். பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் அடிப்படை உரிமைகள் பாடம் நடத்தியவன். வாத்தியாரே வைக்கிறாரே என்றுதான் மற்ற பத்துப் பேரும் வைத்தார்கள்.

மண்டபத்துக்கு வந்த வக்கீலம்மா சத்தம் போடவில்லை. எந்தச் சட்டப்படி வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டார். மேலிடத்து உத்தரவு என்றார் ஆய்வாளர்.

"மேலிடத்துக்கும் மேல சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல சார். அதுல எந்தப் பிரிவுன்னு எழுதிக் குடுங்க."

ஆய்வாளர் எழுதவில்லை. வக்கீலம்மாவே ஒரு தாளை எடுத்து, பதினோரு கைபேசிகளையும் நிறம், கீறல் உட்படப் பட்டியல் போட்டு, பெற்றுக்கொண்டதாக அவரிடம் கையெழுத்து வாங்கினார். அதற்குள் எங்களுக்கு வந்த தக்காளி சாதம் ஆறிப்போயிற்று. எனக்கு அவர்மேல் எரிச்சல்கூட வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. என் கைபேசியில் செல்வராணியின் குரல் இருந்தது. எங்கள் ஊரில் நடவுக்குப் போகிறவர். மறியலுக்கு யார் யார் வருவார்கள் என்று பெயர் பெயராகச் சொல்லி எனக்குக் குரல்பதிவு அனுப்பியிருந்தார். அவருடைய மகனுக்குத் துபாயில் வேலை கிடைத்து, பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. அந்தப் பயணம் நின்றுபோக அம்மாவின் குரல் ஒன்றே போதும். இதைச் சொன்னதும் வக்கீலம்மாவின் முகம் மாறியது.

"முன்னெல்லாம் வீட்டைச் சோதனை போட வந்தா தெருவே நின்னு பாக்கும். இப்ப ஒருத்தர் போனைத் தொறந்தா அம்பது வீட்டுக்குள்ள போயிட்டு வந்துடலாம். ஒருத்தருக்கும் தெரியாது."

கைபேசிகளை முத்திரையிட்டு நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும், உள்ளே இருப்பதை நகலெடுக்கக் கூடாது என்று மனு போட்டார். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டம். விரல் வைப்பது அதில் சேருமா என்பது இன்னும் தெளிவாகவில்லை, தோற்றாலும் தோற்கலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

என் பிரமாணப் பத்திரத்தில், கையைப் பிடித்து அழுத்தினார்கள் என்று எழுதச் சொன்னேன். அழுத்தினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அப்ப, பயந்துபோய் வச்சேன்னு எழுதுவோம். அவங்களைக் கணக்குக் கேக்கப் போற எடத்துல நாம பொய் சொல்ல முடியாதுல்ல. பாடம் நடத்துனவரு பயப்படக் கூடாதுன்னு சட்டம் ஏதும் இல்ல சார்."

சிரித்துக்கொண்டே அப்படியே எழுதிக் கொடுத்தார். ஊரே படிக்குமே என்ற வெட்கத்தில் நான் கையெழுத்துப் போடாமல் நாள் கடத்தினேன். அவர் இறந்த அன்று நீதிமன்றத்துக்குப் போனபோதும் அது கையெழுத்து இல்லாமல் என் பையில்தான் இருந்தது.

நீதிமன்றத்திலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் செல்வராணி நின்றிருந்தார். பாஸ்போர்ட் விசாரணைக்கு மகனை மறுநாள் காலை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். "இனிமே நமக்காக யாருங்க சார் கேப்பாங்க?" என்றார்.

வக்கீலம்மாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தப் பிரமாணப் பத்திரத்தில் அவர் எழுதிய ஒரு வரி: 'நான் பயந்துபோய் என் விரலை வைத்தேன், என்னைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள்.' மறுநாள் காலை, சான்றளிக்க வந்த இன்னொரு வழக்கறிஞர் முன்னால் அதை வாய்விட்டுப் படித்தேன். படித்து முடித்துக் கையெழுத்துப் போட்டேன். அந்நேரம் செல்வராணியின் மகன் காவல் நிலையத்துக்குள் போயிருந்தான்.